வளர்த்திக்கு விட்ட துணி

பிள்ளைகளா, போன வாரம் தகரப் பெட்டியைக் கிளறி நீங்கள் எடுத்து வந்தீர்களே, அந்தப் பழுப்பு உறை, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேலே நான்கு வெள்ளைக்காரப் பெண்கள் கோட்டும் கவுனுமாக நிற்கும் படம் போட்ட உறை. "இதுல இருக்கிற கோட்ட எங்க பொம்மைக்குத் தெச்சுக் குடுப்பா" என்று கேட்டீர்கள். கவுன் தைத்துத் தருகிறேன், பாவாடை தைத்துத் தருகிறேன், கோட்டு மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்குக் கண் முன்போலத் தெரியவில்லை என்றேன். அது பொய். ஊசியில் நூல் கோக்க எனக்கு இன்னும் கண்ணாடி வேண்டியதில்லை.

வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, தப்பிருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் கடை வைத்திருந்தேன். ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பள்ளிக்கூடச் சீருடைதான் எனக்குச் சோறு போட்டது.

சீருடை தைப்பதில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பிள்ளையை அழைத்து வருகிற அப்பன் டேப்பை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "வளர்ற புள்ள, தாராளமா வுடு." பக்கத் தையலில் ஒரு இஞ்ச், கீழே இரண்டு இஞ்ச் உள்ளே மடித்து விடவேண்டும். அடுத்த வருடம் பள்ளி திறக்கும்போது பிரித்து இறக்கிக்கொள்வார்கள். அந்த மடிப்புக்கு நாங்கள் வளர்த்தி என்று பெயர் வைத்திருந்தோம். வீட்டிலேயே பிரிக்கத் தோதாக அதை மெஷினில் ஓட்டாமல் கையால் நீளநீளமாக எம்மிங் தையல் போடுவோம். வளர்த்தி விடாத டைலரைத் துணித் திருடன் என்பார்கள். அதனால் யாருக்கு எதை வெட்டினாலும் என் கத்தரி தானாகவே வரைந்த கோட்டுக்கு வெளியேதான் போகும்.

ஒரு சனிக்கிழமை ஒரு டீச்சர் தன் மகளோடு கடைக்கு வந்தார். மகளுக்கு ஒன்பது வயது இருக்கும். சீருடைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று டேப்பைக் கையில் எடுத்தேன். அந்தப் பெண் கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை மேஜைமேல் வைத்தாள். விலக்கிப் பார்த்தேன். பார்த்த வேகத்தில் மூடிவிட்டேன்.

"இன்னாங்க டீச்சர், பெரிய பொம்பளையா இருக்குது?"

எங்களுக்குப் பொம்மை என்றால் குழந்தைப் பொம்மைதான். இது முழுசாக வளர்ந்த பெண். ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, விரல் பருமனில் இடுப்பு, பொன் நிறத் தலைமுடி. உடம்பில் ஒரு நூல் துணி கிடையாது.

"இவளுக்கு இருவத்திரெண்டு வயசு. ஆபீஸ்ல வேல செய்யிறா. துணி இல்லாம எப்படி ஆபீஸ் போவா?" என்றாள் சின்னவள்.

டீச்சர் சிறு வயதில் தங்கிப் படித்த விடுதியில் ஒரு வயதான வெள்ளைக்காரச் சிஸ்டர் இருந்தாராம். ஊர் திரும்பும்போது அவர் கொடுத்துவிட்டுப் போன தகர டப்பாவில் இந்தப் பொம்மையும் அந்த உறையும் இருந்தனவாம். உறைக்குள் பொம்மைத் துணிக்கான வெட்டுமாதிரிகள். வெங்காயச் சருகு மாதிரித் தாள், தொட்டால் ஓரம் உதிர்ந்தது. எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் அச்சடித்ததாக இருக்கும்.

"நான் படிச்சுச் சொல்றேன், நீங்க வெட்டுங்க" என்றார் டீச்சர்.

அப்படித்தான் வேலை நடந்தது. சனிக்கிழமைகளில் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து வாசிப்பார். "இது மடிப்பு ஓரமாங்க. இங்க வெட்டக் கூடாது, துணிய ரெண்டா மடிச்சு இந்தப் பக்கத்த மடிப்புல வைக்கணுமாம்." நான் அந்தச் சருகுத் தாளைப் பழைய காலண்டர் அட்டையில் வைத்து வரைந்து, அட்டையை வெட்டி, அதைத் துணியில் வைத்து வெட்டுவேன். மெஷினில் வைத்தால் அந்தக் குட்டிச் சட்டைக் கையை ஊசிக்குக் கீழே இருக்கிற பல் விழுங்கிவிடும். அடியில் ஒரு துண்டு செய்தித்தாளை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்தேன். இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று சட்டைக் கையைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன்.

முதல் கவுனைப் போட்டதும் பொம்மை மூட்டை மாதிரி ஆகிவிட்டது. சின்னவள் கவுனைத் திருப்பிப் பார்த்தாள்.

"டைலர் மாமா, உள்ள எதுக்கு இவ்ளோ துணி?"

"வளர்த்தி பாப்பா. அடுத்த வருசம் பிரிச்சு வுட்டுக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "பேட்டர்ன்ல கால் இஞ்ச்னு போட்டிருக்குதுங்க. நான் படிச்சனே. இவ எங்க வளரப் போறா?"

"கண்ணாலம் ஆச்சுன்னா உடம்பு போடுமில்லிங்க?" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. எதைத் தைத்துக் கொடுத்தாலும் அவள் முதலில் உள்ளே திருப்பி "எங்க வளர்த்தி?" என்று தேடுவாள். பக்கத் தையலில் கால் இஞ்சுக்கு வந்துவிட்டேன். ஆனால் அவள் தேடுவதற்காகவே கீழ் மடிப்பில் ஒரு முக்கால் இஞ்ச் விட்டு வைப்பேன். கண்டுபிடித்ததும் கை தட்டுவாள்.

சந்து முனையில் ஒரு டீக்கடை இருந்தது. டீச்சர் வருகிற சனிக்கிழமைகளில் நானே போய் டீ வாங்கி வருவேன். ஊரில் யார் எந்தத் தெரு என்று அந்த டீக்கடைக்காரருக்கு அத்துப்படி. என் டீயை எப்போதும் தருகிற கிளாசில் ஊற்றுவார். டீச்சருக்கும் அவர் மகளுக்கும் அடியில் சிவப்புப் பெயின்ட் வைத்த கிளாசில் ஊற்றுவார். மூன்றையும் ஒரே கம்பித் தூக்கில் வைத்து நான்தான் தூக்கி வருவேன். குடித்து முடித்ததும் டீச்சர் எழுந்துபோய், வாசலில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, இரண்டு சிவப்புப் பொட்டுக் கிளாசையும் கழுவி ஓரமாகக் கவிழ்த்து வைப்பார். என் கிளாஸ் மேஜைமேல் அப்படியே இருக்கும், கடைக்காரர் வந்து எடுத்துப்போவார். இது ஆறு மாதம் நடந்தது.

அந்த வருடம்தான் எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. எங்கள் ஜனம் கேட்டதில் நியாயம் இருந்தது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, நல்ல மார்க்கு வாங்கியும் ஒரு குமாஸ்தா வேலைக்குக்கூடக் கூப்பிடாமல் கரும்பு வெட்டப் போனார். அதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால் சங்கத்தில் இருந்த என் அக்காள் வீட்டுக்காரர் ஒரு கட்டு மஞ்சள் சாட்டின் துணியைக் கொண்டுவந்து கடையில் இறக்கியபோது கூலி வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

மஞ்சள் துணியில் வரிசை வரிசையாகக் கறுப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். 'உரிமை பெறாமல் விடமாட்டோம்.' அதைத் துண்டு துண்டாக வெட்டி ஓரம் அடித்துக் கொடுக்கவேண்டும். மறியலுக்குப் போகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பட்டை.

கூட வந்த நான்கு பேரும் கடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். மெஷின் மேல் பொம்மையின் பாவாடை கிடந்ததை அக்காள் வீட்டுக்காரர் இரண்டு விரலால் தூக்கினார்.

"இன்னா மச்சான், ஜனமெல்லாம் ரோட்டுக்கு வரப் போவுது, நீ பொம்மைக்குப் பாவாட தெச்சுக்கினு கீற?"

"ஆர்டருங்க மாமா."

"யாரு ஆர்டரு? அந்த டீச்சருதா? அது பொண்ணு உன்ன மாமான்னு கூப்புடுதாமே. நானும் உனக்கு மாமா. அப்ப அதுக்கும் எனக்கும் இன்னா மொறடா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதையும் எழுதாமல் விடக்கூடாது.

அந்த வாரச் சனிக்கிழமைதான் டீச்சர் கோட்டுக்கான தாளை வாசித்துச் சொன்னார். மேல் துணிக்கு அவர் வீட்டுக்காரரின் பழைய நீலப் பேண்டைக் கொண்டுவந்திருந்தார். அவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை செய்தார். வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார்.

"உள்ள லைனிங் வைக்கணுமாம். வழவழன்னு இருக்கணும், கைய நொழச்சா வழுக்கிக்கினு போவணும். உங்ககிட்ட எதாச்சும் துண்டு இருக்குங்களா?"

"பாக்கிறேங்க டீச்சர். வியாழக்கிழம குடுத்துடறேன்."

"இந்த வாட்டி வளர்த்தி எங்க வைப்பீங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"சொல்ல மாட்டேன், தேடிக் கண்டுபுடி" என்றேன்.

திங்கட்கிழமை மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். சின்னசேலம் பக்கமும் பஸ் இல்லை, மலைப்பக்கமும் இல்லை. பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை. ஜவுளிக் கடைகள் கதவைத் திறக்கவில்லை. போலீஸ் வேன் போகும், கொஞ்ச நேரம் தெருவே காலியாக இருக்கும், பிறகு ஆட்கள் வருவார்கள். எங்கேயோ சுட்டார்கள் என்றார்கள், எங்கள் ஆட்கள் செத்தார்கள் என்றார்கள். இன்னொரு பக்கம் சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்தன என்றும் பேச்சு. எது எவ்வளவு நிஜம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு பட்டைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பட்டை வேலை முடிந்தது. அந்தச் சாட்டின் துணியின் கடைசி வரிசை மட்டும் கோணலாக அச்சாகியிருந்தது. முதல் இரண்டு சொல் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. கடைசிச் சொல் மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தது. உதவாத துண்டு. அதற்குமேல் விரல் நீளத்துக்கு வெறும் மஞ்சள் இருந்தது. தடவிப் பார்த்தேன். என் கடையில் அதைவிட வழவழப்பான துணி கிடையாது.

கோட்டின் லைனிங்கை அதில்தான் வெட்டினேன். அட்டைப்படி வெட்டியிருந்தால் அந்த எழுத்து குப்பைக்குப் போயிருக்கும். கத்தரி எழுத்துக்கு மேலே வந்து நின்றது. அப்போது சின்னவள் கேட்டது ஞாபகம் வந்தது. கத்தரியை முக்கால் இஞ்ச் கீழே இறக்கி, எழுத்தோடு சேர்த்து வெட்டி, எழுத்து உள்ளே போகும்படி மடித்து, கையால் எம்மிங் போட்டேன்.

எழுத்தைப் பார்த்தாயா என்று கேட்டால், பார்த்தேன். ஆனால் மூன்று நாளாக அந்த வாக்கியத்தையே வெட்டித் தைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு சொல் இருந்தாலும் என் கண் அதற்கு முந்தைய இரண்டு சொல்லையும் சேர்த்தே படித்தது. உள்ளே மடிந்திருக்கும் துணி, யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். ஒருத்தி பார்ப்பாள் என்பதற்காகத்தான் அந்த மடிப்பையே வைத்தேன் என்பது அந்த நேரத்தில் எனக்கு எட்டவில்லை. தலைக்குள் இரண்டும் இரண்டு அறையில் இருந்தன.

வியாழக்கிழமை அவர்கள் கடைக்கு வரவில்லை. எப்படி வருவார்கள்? மத்தியானம் கோட்டைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் போனதில்லை. ஒரு வயதான அம்மாள் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கதவு திறக்கவில்லை. முதலில் ஜன்னல் திறந்தது. பிறகுதான் கதவு.

"சார் வந்துட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"இல்லிங்க. மில்லுலயே மாட்டிக்கினாரு. ஒரு சேதியும் இல்ல." முகம் வெளுத்திருந்தது. "உள்ள வாங்க டைலர், தண்ணி குடிக்கிறீங்களா?"

"இருக்கட்டுங்க, கடைய அப்படியே போட்டுட்டு வந்தேன்" என்று வாசலிலேயே நின்றேன். பொட்டலத்தை நீட்டினேன். நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. "பயப்படாதீங்க டீச்சர். நாங்க இருக்கிறோம்" என்றேன்.

"சரிங்க" என்றார்.

மறுநாள் காலை சும்மா அந்தப் பக்கம் போனேன். கோட்டு சரியாக இருந்ததா, சின்னவள் வளர்த்தியைக் கண்டுபிடித்தாளா என்று கேட்கத்தான். பின்கட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தார்.

"நீதான் டைலரா?"

"ஆமாங்க."

"அவங்க பொழுது விடியிறதுக்குள்ள கெளம்பிட்டாங்க. நடந்தே போறாங்க. கரியாலூர்ல டீச்சரோட அக்கா நர்சா இருக்குதாம். பஸ்ஸு இல்லாத நேரத்துல பொட்டப் புள்ளைய இஸ்துக்கினு மலைக்கு நடக்கிறேங்கிறியே, புத்தி கெட்டுப் போச்சான்னு கேட்டேன். காதுல வாங்கிக்கல." உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். நான் கொடுத்த அதே செய்தித்தாள். "இத உங்கிட்டக் குடுத்துடச் சொன்னாங்க."

பிரித்தேன். கோட்டின் கீழ் மடிப்பு அவிழ்ந்திருந்தது. மஞ்சள் துணி நாக்குபோல வெளியே தொங்கியது.

"நேத்து நானும் இங்கதான் குந்திக்கினு இருந்தேன்" என்றார் அம்மாள். "அந்தப் பாப்பா வளர்த்தி வளர்த்தின்னு சிரிச்சுக்கினே நூல இழுத்துது. அப்பறம் அம்மாகிட்டக் காட்டுச்சு. டீச்சர் வெடுக்குனு வாங்கிப் பாத்தாங்க. அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாங்க. எனக்கு எழுத்து தெரியாது. இன்னா எழுதியிருக்குது அதுல?"

கோட்டைச் செய்தித்தாளில் திரும்ப மடிக்கப் பார்த்தேன்.

"படிப்பா, இன்னா போட்டிருக்குது?"

"விடமாட்டோம்."

மறுபடி நெல் துழாவப் போன கை நின்றது. "யார?" என்று கேட்டார்.

பிள்ளைகளா, அதுவரைக்கும் அந்தச் சொல்லை நான் தனியாகக் கேட்டதே இல்லை. அந்த அம்மாள் கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. வீட்டு ஆம்பளை ஊரில் இல்லை. குடிசை எரிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருவன் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் கொடுத்ததைப் பிரித்தால் உள்ளே சங்கத்து மஞ்சளில் இந்த ஒரு சொல். நானாக இருந்தாலும் விடியுமுன் கிளம்பியிருப்பேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் யாரையோ மறித்தார்களாம் என்று ஒருவன் சொன்னான். இல்லை, அது வேறு ரோடு என்றான் இன்னொருவன். அக்காள் வீட்டுக்காரர் இன்னொரு கட்டு சாட்டின் கொண்டுவந்தார். மெஷின் ரிப்பேர் என்றேன். முடியாது என்று சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை. சொன்னது மெஷின் ரிப்பேர் என்றுதான். அவர் மெஷினின் சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அது நன்றாகச் சுற்றியது. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு அந்த லைனிங்கைப் பிரித்தேன். வெள்ளை மல் துணியில் வேறு வெட்டினேன். டீச்சர் வாசித்தது அத்தனையும் எனக்கு மனப்பாடம். கால் இஞ்ச் என்றால் கால் இஞ்ச். கையில் துணி நிறைய இருந்தும் கத்தரியை வரைந்த கோட்டிலேயே பிடித்துக்கொண்டு போனேன். என் வாழ்நாளில் தாள் சொன்னபடி நான் தைத்த முதல் உருப்படி அது.

மலைக்குப் பஸ் விட்ட முதல் நாளே ஏறிவிட்டேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மரத்தின் அடிக்கட்டைகள் சிவப்பாகத் தெரிந்தன. கோமுகி அணை தாண்டி வண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவாக எண்ணிப் பார்த்தேன். இதில் அந்தக் குழந்தை நடந்து ஏறியிருக்கிறாள். எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

கரியாலூரில் நர்சு வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். மரவள்ளிக் கொல்லைக்கு ஓரத்தில் ஓட்டு வீடு. டீச்சர்தான் வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"பாப்பா?" என்றேன்.

"நல்லா இருக்கா. கால்தான் ரெண்டும் கொப்புளம். நடந்ததுல ரெண்டு நாளா ஜொரம், நேத்துதான் எழுந்தா."

உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டைத் துணி, கோணலாக விழுந்த வரிசை, வளர்த்தி.

"எனக்கு அது முழுசாத்தாங்க தெரிஞ்சுது டீச்சர். உரிமை பெறாமன்னு முன்னால ரெண்டு வார்த்த இருக்குது. இது மட்டும் தனியா நின்னா இன்னா ஆவும்னு எனக்குத் தோணலிங்க. சத்தியமா தோணல."

"தெரியும்" என்றார். "மலையடிவாரத்துல உக்காந்து இவ கால்ல துணி கட்டும்போதே எனக்குத் தோணிச்சு. இது அவரு வழக்கமா விடற துணிதான், எழுத்தக் கவனிச்சிருக்க மாட்டாருன்னு."

"அப்ப ஏங்க திரும்பல?"

அவர் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிற குரலில்தான் பேசினார்.

"நாங்க இருக்கிறோம்னு சொன்னீங்க. அந்த நாங்க யாருன்னு யோசிச்சேன். ஆறு மாசமா உங்க கடையில டீ குடிச்சேன் டைலர். கிளாஸ நான் கழுவிக் கவுக்கிறப்ப நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுத்தைப் பற்றி அப்படித்தானே சொன்னேன்.

"பாத்தேங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு காலிலும் வெள்ளைக் கட்டு. பொம்மை அந்தப் பழைய கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் இருந்தது. என்னைப் பார்த்தாள், மாமா என்று கூப்பிடவில்லை. நான் பொட்டலத்தை நீட்டினேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"வாங்கிக்கோ" என்றார் டீச்சர்.

அவள் கோட்டை எடுத்ததும் செய்த முதல் வேலை அதைத் திருப்பியதுதான். கீழ் மடிப்பை விரலால் தடவினாள். கைகளுக்குள் பார்த்தாள். பக்கத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பதற்காகத் தேடவில்லை. அவள் தேடுவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வளர்த்தி இல்லியே" என்றாள்.

"வுடல பாப்பா. உங்கம்மா படிச்ச மாதிரியே வெட்டிட்டேன்."

"ஓ" என்றாள்.

அந்தப் பழுப்பு உறையையும் கொண்டுபோயிருந்தேன். என் கடையில் கிடந்தது அவர்களுடைய பொருள் அல்லவா? டீச்சர் வாங்கவில்லை. "நான் இந்தப் பக்கமே மாத்தல் கேட்டிருக்கேன். கள்ளக்குறிச்சிக்கு இனி வரல. இங்க வெட்டத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல, நீங்களே வெச்சுக்கோங்க. படிச்சுச் சொல்ல யாராச்சும் கெடைப்பாங்க" என்றார். இத்தனை வருடம் அதை நான் யாரிடமும் படிக்கக் கொடுத்ததில்லை. போன வாரம் நீங்கள் எடுத்துப் படிக்கத் தொடங்கியபோதுதான் மறுபடி அந்த இங்கிலீஷைக் காதால் கேட்டேன்.

கிளம்பும்போது டீச்சரின் அக்கா டீ கொண்டுவந்தார். நின்றபடியே குடித்தேன். குடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று பார்த்தேன். "வெச்சுட்டுப் போங்க" என்று டீச்சர் டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பஸ் அந்த வீட்டுக்கு எதிரேதான் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கோட்டைப் பொம்மைக்குப் போட்டுவிடுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் டீ குடித்து முடிக்கிறவரை நேரம் இருந்தது. பொம்மை ஒரு கையில், கோட்டு ஒரு கையில். வண்டி வளைவில் திரும்புகிறவரை இரண்டு கையும் தனித்தனியாகவே இருந்தன.